ஸ்பிட்ஃபயர் ஒலித்தடையைத் தாண்டியதா? பழைய விமானங்களும் ஒலி வேகமும்

இரண்டாம் உலகப்போர் விமானங்களைப் பற்றி நாலு பேர் பேச உட்கார்ந்தால், பத்தாவது நிமிடத்தில் யாராவது ஒருவர் இதை எடுத்துவிடுவார்: "யேகருக்கு முன்னாடியே ஸ்பிட்ஃபயர் டைவ் அடிச்சு ஒலித்தடையை உடைச்சிருச்சு." (யேகர், 1947இல் ஒலியை முதலில் முந்திய அமெரிக்க விமானி; ஸ்பிட்ஃபயர், பிரிட்டனின் விசிறிப் போர்விமானம்.) உடனே இன்னொருவர், "அது இல்லைங்க, ஜெர்மன்காரனோட மெஸ்ஸர்ஷ்மிட் 262" என்பார். மூன்றாமவர் அமெரிக்கத் தண்டர்போல்ட்டை இழுத்து வருவார். இவர்கள் ஒன்றுமில்லாததைக் கிளப்பிவிடுகிறார்கள் என்று சொல்லமாட்டேன். இந்தக் கதைகள் பலவற்றுக்குப் பின்னால், உண்மையிலேயே தலைகுப்புறப் பாய்ந்து, உயிர் பிழைத்து வந்து, வேகமானியில் தான் பார்த்த எண்ணைச் சொன்ன ஒரு விமானி இருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, முள்தான் பொய் சொன்னது. அது எப்படி என்று புரிய வேண்டுமானால் ஒலித்தடை என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பாதிக் குழப்பம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

## ஹாரன் அடிக்கும் ஆட்டோ

கூட்டமான கடைத்தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறது. சத்தம் ஆட்டோவுக்கு முன்னால் ஓடுகிறது, ஜனங்கள் திரும்பிப் பார்த்து ஒதுங்குகிறார்கள், வழி கிடைக்கிறது. இப்போது அந்த ஆட்டோ தன் ஹாரன் சத்தத்துக்குச் சமமான வேகத்தில் வருகிறது என்று வையுங்கள். யாருக்கும் எச்சரிக்கை போய்ச் சேராது, யாரும் ஒதுங்கமாட்டார்கள், முன்னால் இருப்பவர்கள் எல்லாரும் ஆட்டோவின் மூக்கில் அப்பிக்கொண்டு குவிவார்கள்.

காற்றும் இந்தக் கூட்டம் மாதிரிதான். விமானம் முன்னால் இருக்கும் காற்றைத் தள்ளும்போது, அந்தத் தள்ளல் "ஒருத்தன் வர்றான்" என்ற செய்தியாக முன்னோக்கிப் பரவுகிறது. காற்றில் அழுத்தம் பரவுவதைத்தான் நாம் ஒலி என்கிறோம், ஆகவே அந்தச் செய்தி போவதும் ஒலியின் வேகத்தில்தான். விமானம் மெதுவாகப் போகும்வரை காற்றுக்கு முன்கூட்டியே தகவல் கிடைத்து, அது நாசூக்காக விலகி வழிவிடுகிறது. ஒலி வேகத்தை நெருங்க நெருங்க அந்த முன்னறிவிப்பு சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் தள்ளல்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று குவிந்துவிடுகின்றன. அழுத்தம் சட்டென்று எகிறும் அந்த மெல்லிய படலத்துக்குப் பெயர் அதிர்வலை. தலைமுடியைவிட மெல்லிய ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு அழுத்தம், அந்தப் பக்கம் வேறொரு அழுத்தம்.

நாம் தரையில் கேட்கும் "டம்" இந்த அலை நம் காதைக் கடந்துபோகும் சத்தம். தடையை உடைக்கும் அந்த ஒரு நொடியில் மட்டும் வெடிக்கும் பட்டாசு என்று நினைப்பது பரவலான தப்பு; படகு போகும் வழியெல்லாம் பின்னால் அலை விரிவது மாதிரி, ஒலியைவிட வேகமாகப் பறக்கும் நேரம் முழுக்க விமானம் அந்த அலையை இழுத்துக்கொண்டே போகும். 2020 மே 20 அன்று பெங்களூருவே அதிர்ந்தபோது நிலநடுக்கம் என்றார்கள். அது ஒலியைவிட வேகமாகப் பறந்துவிட்டு, முப்பத்தாறாயிரம் அடிக்கு மேலே வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்த விமானப்படை விமானம் ஒன்றின் வேலை.

இன்னொரு விஷயம், ஒலி வேகம் ஒரே எண் இல்லை. குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகப் போகும். கடல் மட்டத்தில் 15 டிகிரி வெப்பத்தில் மணிக்குச் சுமார் 1,225 கிலோமீட்டர். 11 கிலோமீட்டர் உயரத்தில், மைனஸ் 56 டிகிரி குளிரில், சுமார் 1,062. அதனால் வெறும் கிலோமீட்டர் கணக்கு இங்கே உதவாது. விமானத்தின் வேகத்தை அந்த இடத்து ஒலி வேகத்தால் வகுத்தால் வருவதுதான் மாக் எண். மாக் 1 என்றால் அங்கே ஒலி போகும் வேகம், மாக் 0.8 என்றால் அதில் எண்பது சதவீதம். பறக்கும் தோட்டாவின் அதிர்வலைகளை 1880களில் படம்பிடித்துக் காட்டிய ஆஸ்திரிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக்கின் பெயர் அது.

## அப்படியானால் தடை எங்கே இருக்கிறது?

வானத்தில் சுவர் எதுவும் இல்லை. சாட்டையைச் சொடுக்கும்போது வருகிற அந்தச் "சடீர்", சாட்டை நுனி ஒலியை முந்துவதால் வருவது. துப்பாக்கித் தோட்டா முந்துகிறது. 1944இல் லண்டன்மீது விழுந்த வி-2 ராக்கெட்டும் முந்தியது. 'தடை' என்ற சொல் வந்த வழியே வேடிக்கையானது. 1935இல் டபிள்யூ. எஃப். ஹில்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், ஒலி வேகத்தை நெருங்கும்போது இறக்கையின்மேல் காற்றின் எதிர்ப்பு எப்படி ஒரு தடைபோல நெட்டுக்குத்தாக ஏறுகிறது என்று வரைபடத்தைக் காட்டி விளக்க, பத்திரிகைகள் அதைத் தாண்டவே முடியாத 'ஒலித்தடை'யாக ஆக்கிவிட்டன. அவர் காட்டியது செங்குத்தான ஒரு ஏற்றத்தை. மாட்டுவண்டியால் ஏற முடியாத ஏற்றத்தில் லாரி ஏறும் அல்லவா, அந்த மாதிரி ஏற்றம்.

## விமானம் பாகம் பாகமாகத்தான் ஒலியைத் தொடுகிறது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம்தான் நினைவிருக்கும் என்றால் இது இருக்கட்டும்: விமானம் முழுசாக ஒரே நேரத்தில் ஒலி வேகத்தை அடைவதில்லை.

ஆறு பாலத்தூண்களுக்கு நடுவே புகுந்து போகும்போது வேகமெடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இறக்கையின் மேல்பக்கப் புடைப்பைத் தாண்டும் காற்றும் அப்படித்தான் வேகமெடுக்கும். அப்படி எடுப்பதால்தான் அங்கே அழுத்தம் குறைந்து விமானம் தூக்கப்படுகிறது. இதன் விளைவு என்னவென்றால், விமானம் மாக் 0.7இல் போகும்போதே இறக்கையின் மேலே ஓடும் காற்று மாக் 1ஐத் தொட்டுவிடலாம். தொட்டதும் அங்கே, இறக்கையின் முதுகிலேயே, ஒரு குட்டி அதிர்வலை உட்கார்ந்துகொள்கிறது. அதற்குப் பின்னால் காற்று இறக்கையோடு ஒட்டி ஓடாமல் பிய்ந்து சுழல்கிறது. இறக்கை எவ்வளவு தடிமனோ அவ்வளவு சீக்கிரம் இது நடக்கும்.

இதில் முதலில் பலமாக அடிவாங்கியது அமெரிக்காவின் பி-38 லைட்னிங். இரட்டை எஞ்சின், தடித்த இறக்கை. உயரத்திலிருந்து டைவ் அடித்தால் மாக் 0.7ஐ ஒட்டியே வால் உதற ஆரம்பிக்கும். மூக்கு தானாகவே இன்னும் கீழே சாயும். விமானத்தைத் திருப்பும் பிடியான ஸ்டிக்கை விமானி இரண்டு கையாலும் இழுத்தாலும் சிமெண்டில் புதைத்த மாதிரி அசையாது. மூக்கு சாய்வதற்குக் காரணம், அதிர்வலை வந்ததும் தூக்குவிசை இறக்கையின் பின்பக்கமாக நகர்ந்துவிடுவதும், வாலுக்கு வந்துகொண்டிருந்த காற்றோட்டத்தின் திசை மாறிவிடுவதும். 1941 நவம்பரில் லாக்ஹீட் நிறுவனத்தின் சோதனை விமானி ரால்ஃப் வெர்டன் அப்படியொரு டைவ் சோதனையில் வால் பிய்ந்து இறந்தார்.

இதே விமானத்தில் சில விமானிகள் கைவிட்டுப்போன நிலையிலும் பிழைத்தார்கள், அதற்கான காரணம்தான் எனக்கு இந்தக் கதை முழுக்கப் பிடித்த இடம். கீழே வர வர காற்று சூடாகிறது, சூடான காற்றில் ஒலி வேகம் அதிகம், ஆகவே விமானம் அதே வேகத்தில் விழுந்துகொண்டிருந்தாலும் அதன் மாக் எண் இறங்கிவிடும். கூடவே அடர்த்தியான காற்று பிடித்து இழுத்து வேகத்தையும் குறைக்கும். இறக்கை முதுகிலிருந்த அதிர்வலை கரைந்து ஸ்டிக் மறுபடி உயிர்பெறும். தரை வருவதற்குள் அது நடந்தால் பிழைப்பு.

சரி, இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்துவிடுவோம். காற்று விலகிக்கொள்ள நேரம் இல்லாதபோது அதிர்வலை பிறக்கிறது. விமானம் மாக் 1ஐ அடைவதற்கு வெகு முன்பே அதன் ஏதோ ஒரு பாகத்தின்மேல் அது பிறந்துவிடுகிறது. பிறந்ததும் காற்றின் எதிர்ப்பு எகிறுகிறது, கட்டுப்பாடு போகிறது.

## புரொப்பெல்லருக்கு இருந்த இரட்டைக் கஷ்டம்

விசிறி வைத்த விமானத்தில் இறக்கைக்கும் முன்னால் ஒலியைத் தொடுவது விசிறியின் நுனி. ஏன் என்றால் அது இரண்டு வேகங்களைச் சேர்த்துச் சுமக்கிறது: தான் சுற்றும் வேகம் ஒன்று, விமானத்தோடு முன்னால் போகும் வேகம் ஒன்று.

ஒரு ஸ்பிட்ஃபயரை எடுத்துக் கணக்குப் போடுவோம். மெர்லின் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், நடுவில் இருக்கும் பல்சக்கரங்கள் அதைக் குறைத்து விசிறியைச் சுமார் 1,430 சுற்று சுற்றவைக்கும். விசிறியின் விட்டம் சுமார் 3.2 மீட்டர். நுனி சுற்றும் வேகம் விநாடிக்கு 240 மீட்டர் ஆகிறது. விமானம் மணிக்கு 650 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 180 மீட்டர் வேகத்தில் போகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தான திசை என்பதால் பள்ளிக்கூடத்துப் பைதாகரஸ்தான்: மொத்தம் 300. அந்த உயரத்தில் ஒலி வேகமும் ஏறக்குறைய அதுவே. ஆக, விமானம் மாக் 0.6இல் நிம்மதியாகப் போய்க்கொண்டிருக்க, விசிறி நுனி அப்போதே மாக் 1இல் முட்டிக்கொண்டு நிற்கிறது. நுனியில் அதிர்வலை வந்துவிட்டால், எஞ்சின் கொடுக்கும் சக்தி விமானத்தை இழுப்பதற்குப் பதிலாகச் சத்தமாகவும் சூடாகவும் வீணாகிறது. (நம் விமானப்படையில் பல தலைமுறை விமானிகள் பழகிய ஹார்வர்ட் பயிற்சி விமானம் ஓடுதளத்திலேயே காதைக் கிழிக்கும், அதில் பல்சக்கரக் குறைப்பே கிடையாது, நுனி தரையிலேயே ஒலி வேகத்தை நெருங்கிவிடும்.)

இரண்டாவது கஷ்டம் பலரும் கவனிக்காதது. பிஸ்டன் எஞ்சின் தருவது குதிரைத்திறன், ஜெட் தருவது உந்துவிசை, இரண்டும் வேறு. குதிரைத்திறன் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது. அது மாறாமல் இருக்க வேகம் மட்டும் கூடினால் விசை குறைந்தே ஆகவேண்டும். 2,000 குதிரைத்திறன் எஞ்சின், அதில் 80 சதவீதம் பயனாகிறது என்று வைத்தால், மணிக்கு 360 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 1,200 கிலோ இழுவிசை கிடைக்கும். 1,060 கிலோமீட்டரில் அதே எஞ்சினிடமிருந்து கிடைப்பது 400 கிலோ சொச்சம். அந்த 80 சதவீதமும் அந்த வேகத்தில் தேறாது. எதிர்ப்பு பல மடங்கு எகிறும் இடத்தில் இழுப்பவன் மூன்றில் ஒரு பங்காக மெலிந்து நிற்கிறான். மட்டமாக, அதாவது உயரம் மாறாமல், பறந்து ஒலியை முந்தும் பேச்சுக்கே இடமில்லை.

## அப்புறம் டைவ் அடித்தால்?

புவியீர்ப்பு இலவச எஞ்சின்தானே, செங்குத்தாக விழுந்தால் என்ன என்று கேட்பீர்கள். பிரிட்டனில் ஃபார்ன்பரோ ஆய்வு நிலையத்தில் இதை முறையாகவே செய்து பார்த்தார்கள். ஸ்பிட்ஃபயரின் இறக்கை அந்தக் காலத்துக்கு அசாதாரணமாக மெல்லியது, அதனால் மற்ற விசிறி விமானங்கள் திணறும் இடத்தையும் அது தாண்டிப்போனது. 1944 ஏப்ரலில் ஸ்குவாட்ரன் லீடர் மார்ட்டிண்டேல் ஓட்டிய ஸ்பிட்ஃபயர் மாக் 0.9ஐ ஒட்டிய வேகத்தைத் தொட்டது. அந்த வேகத்தில் விசிறியும் அதன் பல்சக்கரப் பெட்டியும் அப்படியே பிய்த்துக்கொண்டு போய்விட்டன. மூக்கிலிருந்த கனம் போனதும் விமானம் தானாக மேலே திமிறியது. மனிதர் அதை எஞ்சின் இல்லாமலேயே மிதக்கவிட்டு, தளத்துக்கே கொண்டுவந்து இறக்கினார்! விசிறி விமானத்தின் எல்லை எங்கே என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. விழும் விமானத்தின் விசிறி, நுனியில் அதிர்வலை வந்த பிறகு, கிட்டத்தட்ட ஒரு பிரேக் மாதிரி வேலை செய்கிறது. விமானத்தின் எடை கீழே இழுப்பதும் காற்று மேலே தள்ளுவதும் மாக் 0.85, 0.9 வாக்கில் சமமாகிவிடும்; அதற்குள் கீழே சூடான காற்று வந்து மாக் எண்ணைக் குறைத்துவிடும்.

பிறகு எப்படி முள் அவ்வளவு காட்டியது? வேகமானி நேரடியாக வேகத்தை அளப்பதில்லை. முன்னால் நீட்டிய குழாயில் மோதும் காற்றின் அழுத்தத்தையும், பக்கவாட்டுத் துளையில் இருக்கும் அமைதியான காற்றின் அழுத்தத்தையும் ஒப்பிட்டு வேகத்தைச் சொல்கிறது. ஒலி வேகத்தை நெருங்கும்போது அதிர்வலைகள் அந்தத் துளைப்பக்கம் வந்து உட்கார்ந்தால் 'அமைதியான' அழுத்தமே பொய்யாகிவிடும். போதாததற்கு, விமானம் மடமடவென்று கீழே விழும்போது உயரமானி காட்டும் உயரம் உண்மையைவிடப் பின்தங்கும். வேகத்தைத் திருத்திக் கணக்கிடும்போது அந்தத் தவறும் சேர்ந்துகொள்ளும். 1942இல் இரண்டு தண்டர்போல்ட் விமானிகள் டைவில் மணிக்கு 725 மைல் போனதாகச் செய்தி வந்ததன் பின்னணி இதுதான். நம் பைக் ஸ்பீடோமீட்டரே நாலு கிலோமீட்டர் கூட்டிக் காட்டும்போது, பாவம் அது என்ன செய்யும்.

## முதல் ஜெட்கள்: தெம்பு வந்தது, உடம்பு மாறவில்லை

ஜெட் வந்ததும் விசிறித் தொல்லை ஒழிந்தது. வேகம் கூடினாலும் ஜெட்டின் உந்துவிசை பிஸ்டன் எஞ்சினுடையதைப்போல விழுந்துவிடாது. ஆனால் இறக்கையும் வாலும் இன்னும் பழைய பாணிதான். 1945 நவம்பரில் பிரிட்டனின் மீட்டியர் ஜெட் மணிக்கு 975 கிலோமீட்டர் போய் உலக சாதனை படைத்தது. தரையை ஒட்டிய பறப்பில் அது மாக் 0.8தான்.

மெஸ்ஸர்ஷ்மிட் 262 விஷயத்துக்கு வருவோம். ஒவ்வொன்றும் சுமார் 900 கிலோ உந்தும் இரண்டு எஞ்சின்கள், மட்டமான பறப்பில் மணிக்கு 870 கிலோமீட்டர். அதன் இறக்கை லேசாகப் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதைப் பார்த்து ஒலியைத் தாண்டவே அப்படிக் கட்டினார்கள் என்பவர்கள் உண்டு. அந்தச் சாய்வு பெரும்பாலும் கனமான எஞ்சின்களால் நகர்ந்துபோன எடை மையத்தைச் சரிக்கட்ட வைத்தது. 1945 ஏப்ரல் 9 அன்று டைவில் ஒலியைத் தாண்டியதாக ஹான்ஸ் கூய்டோ முட்கே என்ற விமானி பல வருடம் கழித்துச் சொன்னார். ஆனால் மெஸ்ஸர்ஷ்மிட் நிறுவனமே செய்த சோதனைகளில் மாக் 0.86ஐத் தாண்டியதும் மூக்கு கீழே சாய்ந்து விமானம் கைக்கு அடங்காமல் போனது. முட்கேயின் விமானம் பயங்கரமாக உதறியதும் கட்டுப்பாடு இழந்ததும் நடந்திருக்கும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த உதறல் மாக் 1க்குக் கீழே வரும் உதறல்.

1946 செப்டம்பர் 27 அன்று ஜெஃப்ரி டி ஹாவிலண்ட், விமான நிறுவனம் நடத்திய அப்பாவின் மகன், டிஎச்-108 என்ற வாலில்லாத ஜெட்டில் தேம்ஸ் முகத்துவாரத்துக்கு மேலே போனபோது விமானம் சிதறி இறந்தார். 'தடை' என்ற சொல்லுக்கு ஒரு அமானுஷ்யப் பயம் ஒட்டிக்கொண்டது இதற்குப் பிறகுதான்.

## ராக்கெட் ஏன் முந்திக்கொண்டது

1947 அக்டோபர் 14 அன்று கலிஃபோர்னியாவில் சக் யேகர் பெல் எக்ஸ்-1இல் மாக் 1.06 போனார். அது ஜெட் இல்லை, ஆல்கஹாலும் திரவ ஆக்சிஜனும் எரிக்கும் ராக்கெட். தரையிலிருந்து எழும்பிக்கூடப் போகவில்லை, பி-29 குண்டுவீச்சு விமானத்தின் வயிற்றிலிருந்து உதிர்த்துவிட்டார்கள். சுமார் 2,700 கிலோ உந்துவிசை, தோட்டாவைப் பார்த்துச் செய்த உடம்பு, அகலத்தில் எட்டு சதவீதமே தடிமன் உள்ள இறக்கை. ஆனால் வேலையை முடித்துக்கொடுத்தது வால். சாதாரண விமானத்தில் வாலின் பின்விளிம்பில் இருக்கும் மடல்தான் மூக்கை ஏற்றி இறக்கும், மாக் 0.94 வாக்கில் அதிர்வலை அந்த மடலின் கீல்மேலேயே வந்து உட்கார்ந்து அதைச் செயலிழக்க வைத்தது. எக்ஸ்-1இல் கிடைவால் முழுவதையும் சாய்க்கும் வசதி இருந்தது, யேகர் அதைப் பயன்படுத்தினார். பி-38 விமானிகளுக்குக் கிடைக்காதது அதுதான்.

ஜெட்டுக்கான விடையும் வடிவத்திலிருந்துதான் வந்தது. இறக்கையை நன்றாகப் பின்னோக்கிச் சாய்த்துவிட்டால் காற்றின் வேகத்தில் ஒரு பகுதிதான் இறக்கையை நேராகத் தாக்குகிறது, அதிர்வலை தள்ளிப்போகிறது. ஜெர்மனியின் அடால்ஃப் புசெமன் 1935இலேயே ரோம் மாநாட்டில் சொன்ன யோசனை. 35 டிகிரி சாய்ந்த இறக்கையோடு வந்த எஃப்-86 சேபர் 1948 ஏப்ரலில் டைவில் ஒலியைத் தாண்டியது (அதன் சோதனை விமானி ஜார்ஜ் வெல்ச் யேகருக்கு இரண்டு வாரம் முன்பே தாண்டிவிட்டார் என்று சொல்பவர்கள் உண்டு, அளவுக்கருவிச் சான்று இல்லை). அதே ஆண்டு செப்டம்பரில், ஜெஃப்ரி டி ஹாவிலண்டைக் கொன்ற அதே டிஎச்-108 ரகத்தில் ஜான் டெரி டைவில் தாண்டினார். புவியீர்ப்பின் தயவில்லாமல் மட்டமாகப் பறந்தே தாண்டும் போர்விமானமான எஃப்-100 வர 1953 ஆகிவிட்டது. எஞ்சின் கக்கும் சூடான காற்றில் மறுபடி எரிபொருளை ஊற்றி எரிக்கும் ஆஃப்டர்பர்னர் அதற்குத் தேவைப்பட்டது.

சுருக்கினால்: விசிறி விமானம், மட்டமாகவும் இல்லை, டைவிலும் இல்லை. போர்க்கால ஜெட், இல்லை. 1948க்குப் பிந்தைய ஜெட், டைவில் ஆம். 1953 முதல் மட்டமாகவும் ஆம்.

வடிவம் மட்டும் இருந்தாலும் போதாது என்பதற்கு நம் ஊர் உதாரணம் இருக்கிறது. ஜெர்மனியில் ஃபோக்கேவுல்ஃப் 190 என்ற விசிறிப் போர்விமானத்தை வடிவமைத்த கூர்ட் டாங்க், பிறகு பெங்களூரு வந்து இந்துஸ்தான் ஏர்கிராஃப்டுக்காக (இன்றைய இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) மாருத் ஜெட்டை உருவாக்கினார். மாக் 2ஐ நினைத்துக் கட்டிய மெல்லிய, அழகான விமானம், 1961இல் பறந்தது. நினைத்த எஞ்சின் கடைசிவரை கிடைக்கவில்லை, ஆஃப்டர்பர்னர் இல்லாத ஆர்ஃபியஸ் எஞ்சின்களோடு அது மாக் 1ஐத் தொடவே தவித்தது.

## விசிறியை விடாதவர்கள்

விசிறி நுனி ஒலியைத் தாண்டக்கூடாது என்று யார் சொன்னது, தாண்டியே ஓடட்டும் என்று அமெரிக்காவில் ஒரு முயற்சி நடந்தது. 1955இல் பறந்த எக்ஸ்எஃப்-84எச். விசிறி நுனிகள் தரையில் நிற்கும்போதே ஒலியை முந்தும். பக்கத்தில் நின்றவர்களுக்குக் குமட்டலும் தலைவலியும் வந்தன. பன்னிரண்டே தடவை பறந்தது, பெரும்பாலும் அவசரத் தரையிறக்கம். விமானம் ஒலி வேகத்தின் பக்கம்கூடப் போகவில்லை.

சோவியத்காரர்கள் வேறு கணக்குப் போட்டார்கள். டியூ-95 என்ற பெரிய குண்டுவீச்சு விமானத்தில், ஜெட் எஞ்சினே விசிறியைச் சுழற்றும் டர்போபிராப் நான்கு. ஒவ்வொன்றிலும் எதிரெதிர்த் திசையில் சுற்றும் இரட்டை விசிறி, விட்டம் 5.6 மீட்டர், நிமிடத்துக்கு வெறும் 750 சுற்று. நிதானமாகச் சுற்றியும், முழு வேகமான 925 கிலோமீட்டரில் நுனிகள் ஒலியைத் தாண்டிவிடும். அந்தச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு, மாக் 0.85ஐ ஒட்டிய இடத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். இந்த விமானத்தின் கடற்படைத் தம்பிதான் டியூ-142. அரக்கோணத்தில் நம் கடற்படையின் ராஜாளி தளத்திலிருந்து 2017 மார்ச் வரை அது வங்கக்கடல் பக்கம் பறந்துகொண்டிருந்தது.